சீன மேல்நிலை மாணவர்களின் ஆங்கிலக் கேட்டலையும் வாசிப்பையும் எந்தத் தேர்வால் அளப்பது?

சீனாவில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு மூன்று ஆண்டுகள். செப்டம்பரில் சேர்க்கை, மூன்றாம் ஆண்டின் முடிவில், ஜூன் 7-ஆம் தேதி தொடங்கும் ‘காவ்காவ்’ என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. 2024-இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அதில் ஆங்கிலத்துக்கு மட்டும் 150 மதிப்பெண். அதனால் முதலாண்டு வகுப்பு தொடங்கியதுமே ஆங்கிலத் துறை ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். வந்திருக்கும் பிள்ளைகளுக்குக் காதில் விழும் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது, கண்ணில் படும் ஆங்கிலம் எவ்வளவு புரிகிறது என்பதை எந்தத் தேர்வால் அளப்பது?

கையில் இருக்கும் வழிகள் நான்கு: காவ்காவ் வடிவத் தாள், பெய்ஜிங்கிலும் குவாங்டோங்கிலும் நடப்பது போன்ற கணினித் தேர்வு, கேம்பிரிட்ஜ் அல்லது டோஃபல் ஜூனியர் போன்ற வெளித் தேர்வு, பள்ளியே தயாரிக்கும் தாள். எல்லாரும் பழகிய பாதை முதலாவது. மாணவர்களை வரிசைப்படுத்த அது நல்ல தாள்தான். ஆனால் ஒரு பிள்ளை எந்த இடத்தில், எதனால் தடுமாறுகிறது என்று அது சொல்லாது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே தாளிடம் எதிர்பார்ப்பதிலிருந்துதான் கோளாறு தொடங்குகிறது.

காவ்காவ் வடிவத் தாள்

இன்று பெரும்பாலான மாகாணங்களில் புழங்கும் தேசியத் தாளில் கேட்டலுக்கு 20 கேள்விகள், தலா 1.5 மதிப்பெண், ஆக 30. முதல் ஐந்து குறு உரையாடல்கள் ஒரே ஒருமுறை ஒலிக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறகு 10 விநாடி இடைவெளி. அடுத்து ஐந்து நீண்ட பதிவுகள், இருமுறை ஒலிக்கும். அவற்றிலிருந்து 15 கேள்விகள். கேள்விகளை முன்கூட்டிப் படிக்க ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி. இறுதியில் விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற 2 நிமிடம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு சொல்கூடக் காதில் விழாத மாணவரும் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக 6 அல்லது 7 சரியாகும். அதுவே 10 மதிப்பெண். அதிர்ஷ்டம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கொடுத்தால் 13. ஆக, இந்தத் தாள் 0 முதல் 30 வரை அளப்பதில்லை. 13 அல்லது 14-க்கு மேல்தான் அளக்கத் தொடங்குகிறது. 10.5 வாங்கியவரையும் 13.5 வாங்கியவரையும் வேறு வேறு குழுவில் பிரித்து உட்கார வைப்பது வெறும் தற்செயலை வைத்துப் பிரிப்பதாகும். பலவீனமான மாணவர்கள் அதிகம் உள்ள கிராமப்புற மாவட்டப் பள்ளியில் இது சின்ன விஷயமில்லை. அங்கே பாதி வகுப்பு இந்தப் பகுதிக்குள் விழுந்துவிடக்கூடும்.

இன்னொரு கோளாறு இதைவிட ஆழமானது. விடைகள் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கின்றன. அவற்றை 5 விநாடியில் படித்து முடிக்காத மாணவருக்குப் பதிவு முழுதும் புரிந்தாலும் மதிப்பெண் கிடைக்காது. அதாவது கேட்டல் தேர்வுக்குள்ளேயே ஒரு வேக வாசிப்புத் தேர்வு ஒளிந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து, அதே பதிவை ஒலிக்கவிட்டு, ஒரு பாதிக்குக் கேள்விகளையும் விடைகளையும் சீன மொழியில் கொடுங்கள். சீனத்தில் படித்தவர்கள் மூன்று நான்கு கேள்விகள் கூடுதலாகச் சரியாக எழுதினால் குறை காதில் இல்லை. அவர்களுக்குக் கேட்டல் பயிற்சி கொடுத்துப் பயனில்லை.

வாசிப்புக்கு 50 மதிப்பெண். நான்கு பத்திகளில் 15 கேள்விகள், தலா 2.5. முதல் பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, சுற்றுலா விவரம் போன்ற நடைமுறை உரை. அதற்கு மூன்று கேள்விகள், மற்றவற்றுக்கு நான்கு நான்கு. அதன்பின் ‘ஏழில் ஐந்து’: ஒரு கட்டுரையில் ஐந்து வாக்கியங்கள் எடுக்கப்பட்டிருக்கும், கொடுத்துள்ள ஏழிலிருந்து பொருத்த வேண்டும், 12.5 மதிப்பெண். கட்டுரையின் கோர்வையைப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்க இது அருமையான வடிவம். ஆனால் ஒரு வாக்கியத்தைத் தவறான இடத்தில் வைத்தால் அதன் சரியான இடமும் பறிபோகும். ஒரே பிழைக்கு 5 மதிப்பெண் போய்விடக்கூடும். எனவே புள்ளிவிவரம் போடும்போது இதை ஐந்து தனிக் கேள்விகளாக எண்ணாமல் ஒரே தொகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் தாளின் நம்பகத்தன்மை, அதாவது அதே மாணவர் மீண்டும் எழுதினால் ஏறக்குறைய அதே மதிப்பெண் வரும் என்ற உறுதி (1 என்றால் முழு உறுதி), உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

முந்தைய ஆண்டுத் தாள்களை அப்படியே வைப்பது வீண். அவை எல்லாப் பயிற்சிப் புத்தகங்களிலும் விடையோடு வந்துவிட்டன. பல பள்ளிகள் சேர்ந்து தயாரிக்கும் கூட்டுத் தேர்வுத் தாள் புதிதாக இருக்கும். ஆனால் ஒரு தாளின் கடினமும் அடுத்ததன் கடினமும் ஒன்றாக இருக்காது. செப்டம்பரில் 18, ஜனவரியில் 21 என்றால் மாணவர் முன்னேறினாரா, தாள் எளிதாக இருந்ததா?

இந்தக் கேள்வியை மேலோட்டமாகத் தீர்க்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜெஜியாங் மாகாணமே சான்று. அங்கே ஆங்கிலத் தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 2018 நவம்பர் தாள் கடினமாக இருந்தது என்று சொல்லி, சில வினாக்களின் மதிப்பெண்களைத் தேர்வுக்குப் பிறகு எடையிட்டு மாற்றினார்கள். பெற்றோரும் மாணவர்களும் கொதித்தெழுந்தார்கள். மாகாண அரசு விசாரணை நடத்தி, டிசம்பரில் அந்த எடையிடலை ரத்து செய்து பழைய மதிப்பெண்களையே திரும்பக் கொடுத்தது. இரண்டு தாள்களை ஒப்பிட வேண்டுமென்றால் அதற்கான ஏற்பாட்டைத் தேர்வுக்கு முன்பே செய்ய வேண்டும். ஐந்தில் ஒரு பங்குக் கேள்விகளாவது இரண்டு தாள்களிலும் பொதுவாக இருக்கட்டும். அவற்றை மாணவர் கையில் கொடுத்தனுப்பாமல், வகுப்பில் விடை விவாதிக்காமல் பூட்டி வைக்க வேண்டும். பொதுக் கேள்விகளில் வகுப்பின் சராசரி நகர்ந்த அளவுதான் உண்மையான நகர்வு.

கணினித் தேர்வு

பெய்ஜிங்கில் 2021 முதல் 150-இல் 50 மதிப்பெண் கணினி வழிக் கேட்டல்–பேச்சுத் தேர்வுக்கு. டிசம்பரிலும் மார்ச்சிலும் நடக்கும், கூடிய மதிப்பெண்ணே கணக்கில் சேரும். ஜூனில் எழுதும் தாளுக்கு மீதி 100. குவாங்டோங்கில் இது 2011-லேயே வந்துவிட்டது. 20 மதிப்பெண், மூன்று பகுதிகள்: கேட்டு அதே மாதிரி வாசித்தல், பாத்திரமேற்றுக் கேள்வி கேட்டுப் பதில் சொல்லுதல், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லுதல். ஷாங்காயில் 140 மதிப்பெண் எழுத்துத் தாளுடன் இதற்கு 10.

இதன் பெரிய நன்மை, குருட்டடிக்கு இடமில்லாமல் போவது. கதையைத் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் கேட்டே ஆக வேண்டும். ஹெட்போன் இருப்பதால் கடைசி வரிசை மாணவருக்கும் முதல் வரிசைக்கும் ஒரே ஒலி. தீமையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. புரிந்தும் வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, புரியாத பிள்ளையைப் போலவே மதிப்பெண் வாங்கும். எனவே இதன் எண்ணைக் ‘கேட்டல் மதிப்பெண்’ என்று எழுதி வைக்கக் கூடாது.

நடத்துவதிலும் கணக்குப் போட வேண்டும். 600 மாணவர்கள், 50 கணினிகள் என்றால் 12 அணி. ஒரு அணிக்கு 30 நிமிடம், மாறி உட்கார 15 நிமிடம். மொத்தம் 9 மணி நேரம். காலை முதல் அணி வெளியே வந்ததும் கதை மற்ற அணிகளுக்குப் போய்விடும். இரண்டு மூன்று தாள் வகைகள் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக்காற்றுப் பதிவைக் கெடுக்கும்; வாயோரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். தொடங்கும் முன் ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லி, பதிவைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கட்டும். கதை திருப்பிச் சொல்லலுக்கு முன்கூட்டியே பத்துச் செய்திப் புள்ளிகளைப் பட்டியலிட்டு, புள்ளிக்கு ஒன்றாகத் திருத்த வேண்டும். உச்சரிப்பைப் பார்த்து மதிப்பெண் போடத் தொடங்கினால் அது வேறு தேர்வாகிவிடும்.

இந்த வடிவம் காவ்காவில் இருக்கும் மாகாணங்களில் வேறு வழியில்லை, பழக்கித்தான் ஆக வேண்டும். மற்ற இடங்களில் முதலாண்டு நிலையறியும் தேர்வாக இதை வைப்பது செலவுக்கு ஏற்ற பலன் தராது.

வெளித் தேர்வுகள்

2018-இல் சீனக் கல்வி அமைச்சகம் ஒன்பது படிகள் கொண்ட ஆங்கிலத் திறன் அளவுகோலை வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளியின் இடம் ஏறக்குறைய நான்காம் படி. 2019-இல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மதிப்பெண்களை இந்த அளவுகோலோடு பொருத்திப் பார்த்தபோது நான்காம் படிக்கு இணையாக வந்தது 4.5. வெளிநாடு போகப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் முதலாண்டிலேயே ஐஇஎல்டிஎஸ் எழுதச் சொல்லிக் கேட்பார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அதன் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள், பதிவு ஒரே முறை. வாசிப்பில் மூன்று நீண்ட பத்திகள், 60 நிமிடம், 40 கேள்விகள். 4.5 நிலையில் இருக்கும் மாணவர் பாதிக் கேள்விகளைக்கூடத் தொட மாட்டார். தவறவிட்ட கேள்விகளிலிருந்து ஆசிரியருக்குத் தெரிவது ‘தாள் கடினம்’ என்பது மட்டுமே.

பொருத்தமானது கேம்பிரிட்ஜின் பி1 பிரிலிமினரி, பள்ளிகளுக்கான வடிவம். வாசிப்பு 45 நிமிடம், ஆறு பகுதிகள், 32 கேள்விகள்; கேட்டல் ஏறக்குறைய 30 நிமிடம், நான்கு பகுதிகள், 25 கேள்விகள், எல்லாப் பதிவும் இருமுறை. கேட்டலில் ஆறு கேள்விகளுக்குக் காதில் விழுந்ததை எழுத வேண்டும். அந்த ஆறும் பொன். டோஃபல் ஜூனியரில் கேட்டல் 42, வாசிப்பு 42, இடையில் இலக்கணமும் சொல்லும் 42. எல்லாம் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வது.

கேள்வி எண்ணிக்கைக்கு ஒரு மதிப்பு உண்டு. 20 கேள்விகளில் நம்பகத்தன்மை 0.70 என்றால், அதே தரத்தில் 40 கேள்விகள் வைத்தால் அது 0.82 ஆகும். வெளித் தேர்வுகளின் பலம் இங்கேதான். பலவீனம், முடிவு ஒரு படிநிலையாகவோ மொத்த எண்ணாகவோ வந்து சேரும். எந்தக் கேள்வியில் யார் தவறினார் என்று பள்ளிக்குத் தெரியாது. கட்டணமும் தேதியும் பள்ளியின் கையில் இல்லை. பெருநகரப் பள்ளிகளில் நன்றாகப் படித்து வந்தவர்கள் பி1 தாளின் உச்சியைத் தொட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அடுத்த படியான பி2 ஃபர்ஸ்ட் தேவைப்படும். பதிவு செய்து பணம் கட்டுவதற்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தாளையும் அதன் ஒலிப்பதிவையும் வகுப்பிலேயே நடத்துவது முதலாண்டுக்குப் போதும். சான்றிதழ் கிடைக்காது, ஆனால் ஒவ்வொரு விடையும் உங்கள் கையில் இருக்கும்.

பள்ளியே தயாரிக்கும் தாள்

உழைப்பு அதிகம் கேட்பது இதுதான், பலன் அதிகம் தருவதும் இதுதான். காரணம், சீன மொழி பேசும் மாணவர்கள் தடுமாறும் இடங்களை மற்ற மூன்று தாள்களும் குறிவைப்பதில்லை.

எண்களை எடுத்துக்கொள்வோம். சீனத்தில் பத்தாயிரம் ஓர் அலகு. நான்கு நான்கு இலக்கமாக எண்ணுவார்கள். பதிவில் ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ட்வென்டி தவுசண்ட்’ என்று வந்ததும், மாணவர் அதைப் ‘பன்னிரண்டு பத்தாயிரம்’ என்று மனத்துக்குள் மாற்ற வேண்டும். மாற்றி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். (லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கும் மில்லியன் வந்தால் இதே திணறல்தான்.) எழுதச் சொன்னால் 12,000 என்று ஒருவர் எழுதுவார், 12,00,000-க்கு இணையான எண்ணை இன்னொருவர் எழுதுவார். இருவரும் சொற்களைச் சரியாகக் கேட்டவர்கள். ‘தர்ட்டீன்’ என்பதை 30 என்று எழுதியவரோ அழுத்தத்தைத் தவறவிட்டவர். அவருக்கு வேண்டிய பயிற்சி வேறு. மூன்று விடைகள் கொண்ட கேள்வியில் மூவருக்கும் ஒரே பூஜ்யம்தான் விழும்.

மற்ற இடங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். பேச்சுச் சீனத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலி. எனவே நீண்ட பதிவில் ‘ஹீ’, ‘ஷீ’ மாறும்போது யார் யார் என்று கலங்கும். எதிர்மறைக் கேள்விக்குச் சீனர்களும் நம்மைப் போலவே ‘ஆமாம், வரவில்லை’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘நோ’ வந்ததும் விடை தலைகீழாகிவிடும். ஹூனான், சிச்சுவான் பகுதிகளில் ‘ல’, ‘ந’ ஒலிகள் கலந்து ஒலிக்கும். ‘லைட்’, ‘நைட்’ இரண்டையும் கலந்து கேட்பவர்கள் அங்கே உண்டு.

கேட்டல் பகுதியை 40 நிமிடத்துக்கு இப்படி அமைக்கலாம். எண், நாள், பெயர் ஆகியவற்றை எழுதும் பத்துக் கேள்விகள், இடையே 5 விநாடி. எட்டு வாக்கியங்களைச் சொல்வது எழுதுதல், ஒவ்வொன்றும் 8 முதல் 10 சொற்கள். இதைவிடக் குறைத்தால் புரியாமலே நினைவில் வைத்து எழுதிவிடுவார்கள். பொருட்சொல் ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண். மூன்று நிமிடப் பேச்சு இரண்டு, குறிப்பில் பத்து வெற்றிடம் நிரப்புதல், இருமுறை ஒலிக்கும். கடைசியாக, அடுத்த தாளிலும் பொதுக் கேள்விகளாக மீண்டும் பயன்படுத்துவதற்கான பத்துப் பல்தேர்வுக் கேள்விகள். பேசும் வேகம் நிமிடத்துக்கு 120 சொற்களில் தொடங்கி 150 வரை போகட்டும்.

எழுத்துப்பிழை விதியைத் திருத்தத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒலி சரியாகப் பிடிபட்டது தெரிந்தால் மதிப்பெண் உண்டு, எழுத்து தவறாக இருந்தாலும். முதல் 30 தாள்களை இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்தி ஒப்பிடட்டும். அடிக்கடி ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால் விடைக்குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

பதிவு செய்ய நல்ல கைபேசி போதும், ஆனால் திரைச்சீலை உள்ள சிறிய அறை வேண்டும். வெறும் சுவர் அறையில் எதிரொலி விழும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆணும் பெண்ணுமாக இரு குரல். முதல் 30 விநாடி கேள்வி எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் ஒலிக்கட்டும். கண்காணிப்பாளர் அதற்குள் கடைசி வரிசைக்குப் போய் ஒலியளவைச் சரிபார்த்துவிடலாம்.

வாசிப்பில் முதலில் பிரித்தறிய வேண்டியது, சொல் தெரியாததால் புரியவில்லையா, சொல் தெரிந்தும் புரியவில்லையா என்பது. ஓர் உரையைத் துணையின்றிப் படிக்க அதன் சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 300 சொல் பத்தியில் 6 சொல் தெரியாவிட்டாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. எனவே தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, பத்திகளிலிருந்து 30 சொற்களை மற்ற சொற்களோடு கலந்து கொடுத்துப் பொருள் எழுதச் சொல்லுங்கள். 28 சொல் தெரிந்தும் பத்தியில் தவறுகிறவர் ஒரு வகை; 15 மட்டுமே தெரிந்தவர் வேறு வகை. இரண்டாமவருக்கு வாசிப்பு உத்திகள் சொல்லிக் கொடுப்பது நேர விரயம்.

அடுத்தது வாக்கிய அமைப்பு. சீனத்தில் பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னால் வரும். தமிழிலும் ‘நேற்று சந்தையில் பார்த்த மனிதர்’ என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது பின்னால் தொங்கும். நீண்ட தொடர் இடையில் புகுந்தால் எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. ஆறு நீண்ட வாக்கியங்களைக் கொடுத்து ‘யார், என்ன செய்தார்’ என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சீனத்திலேயே எழுதட்டும். புரிதலை அளக்கும்போது ஆங்கிலத்தில் எழுதும் திறன் குறுக்கே வரக் கூடாது. வேகத்துக்கு எளிய சொற்களில் 400 சொல் கொண்ட கதை ஒன்று, நேரம் குறித்து, தாளைத் திருப்பி வைத்தபின் பத்துச் சரி–தவறு வினாக்கள்.

எந்தக் கேள்வியும் வெள்ளோட்டம் பார்க்காமல் போகக் கூடாது. 40 பேர் கொண்ட வேறொரு வகுப்பில் நடத்தி, மேலே 11 பேரையும் கீழே 11 பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் குழுவில் 10 பேர், கீழ்க் குழுவில் 4 பேர் சரி என்றால் வேறுபாடு 6. அதை 11-ஆல் வகுத்தால் 0.55, நல்ல கேள்வி. 0.2-க்குக் கீழே போனால் நீக்கிவிடலாம். பல்தேர்வு வாசிப்புக் கேள்விகளைப் பத்தி இல்லாமல் கேள்வியாக மட்டும் இன்னொரு வகுப்புக்குக் கொடுத்துப் பாருங்கள். நான்கு விடையில் குருட்டடிக்கு 25 சதவீதம்; 40 சதவீதத்துக்கு மேல் சரியாக வந்தால் அந்தக் கேள்விக்குப் பத்தியே தேவையில்லை என்று பொருள். பயிற்சிப் புத்தகத்தில் ஊறிய மாணவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். மிக நீளமான விடை, ‘ஆல்வேஸ்’ போன்ற தீவிரச் சொல் இல்லாத விடை என்று மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

எந்தப் பள்ளிக்கு எது

முதலாண்டு செப்டம்பரில் பள்ளியின் சொந்தத் தாள். நான்கு ஆசிரியர்களும் மூன்று வாரமும் ஒதுக்க முடியாவிட்டால் பி1 மாதிரித் தாளோடு எண் எழுதும் பகுதியையும் சொல் பட்டியலையும் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவ இறுதியில் காவ்காவ் வடிவம், பொதுக் கேள்விகளோடு. மூன்றாம் ஆண்டில் காவ்காவ் வடிவம் மட்டும். அப்போது புது வடிவங்களைப் புகுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் கெடுதல். வெளிநாடு போகிறவர்கள் ஐஇஎல்டிஎஸ் எழுத இரண்டாம் ஆண்டு போதும்.

முடிவை எழுதும்போது கேட்டலையும் வாசிப்பையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள்; இரண்டு நெடுவரிசையாகவே இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் பிழை அளவையும் போட வேண்டும். 30 மதிப்பெண் கேட்டலில் வகுப்பின் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 5, நம்பகத்தன்மை 0.75 என்றால், ஒருவருடைய மதிப்பெண்ணின் பிழை 2.5, இருவரை ஒப்பிடும்போது அது 3.5 ஆகும். 19 வாங்கியவர் 16 வாங்கியவரைவிடச் சிறந்தவர் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்ல இந்தத் தாளில் ஆதாரம் இல்லை. இரண்டு குழுவாகப் பிரிக்கும் கோடு 17-இல் போடப்பட்டால், 15 முதல் 19 வரை வாங்கிய அனைவருக்கும் இரண்டாவது பதிவு ஒன்றை அதே வாரத்தில் ஒலிக்கவிட்டு, இரண்டின் சராசரியை வைத்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும்.